கொற்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் சிறு கிராமம் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நேரில் வருபவர்களுக்கும், வர நினைப்பவர்களுக்கும், படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பவர்களுக்கும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கொற்கை சரியாக எங்கே இருக்கிறது?

ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணியின் வடகரைப் பக்கம். முக்காணி, உமரிக்காடு, ஆறுமுகமங்கலம், மாறமங்கலம், அக்கசாலை ஆகியவை அக்கம்பக்கத்து ஊர்கள். கடற்கரையை நோக்கிப் போனால் பழையகாயல் வரும். ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் ஆத்தூர், அதற்கும் அப்பால் காயல்பட்டினம், திருச்செந்தூர். ஆறு கடலில் சேரும் இடம் புன்னக்காயல். இந்த ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொற்கையின் வரலாறு முழுவதும் இந்தச் சில மைல் வட்டத்துக்குள்தான் நடந்திருக்கிறது, கீழே பல இடங்களில் இவை திரும்ப வரும்.

துறைமுகம் என்கிறீர்கள். கடல் எங்கே?

வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பேருந்திலிருந்து இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல், வாழை, குளம், பனை. அலைச் சத்தம் கிடையாது. கடல் இங்கிருந்து சுமார் 6, 7 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

கடலை அவ்வளவு தூரம் தள்ளியது தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் விழும் ஆறு இது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இதற்குத் தண்ணீர் தருகின்றன. அதனால் வருஷத்தில் இரண்டு முறை ஆறு பெருகும். பெருகும் ஒவ்வொரு முறையும் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மண்ணையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வரும். நிலம் சரிவாக இருக்கும் வரை அந்த மண் நீரோடு ஓடும். ஸ்ரீவைகுண்டம் தாண்டி நிலம் தட்டையானதும் ஓட்டம் தளர்கிறது, மண் அடியில் படிகிறது. முகத்துவாரத்தில் கடல் அலை எதிர்த்து நிற்பதால் மிச்சமும் அங்கேயே தங்கிவிடும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு படிந்த மண் மணல்திட்டாகி, திட்டுக்குப் பின்னால் உப்பங்கழி தேங்கி, அந்தக் கழியும் மெல்லத் தூர்ந்து வயலானது. கடலோரத்தை ஒட்டி ஓடும் நீரோட்டமும் காற்றும் தம் பங்குக்கு மணலைச் சேர்த்தன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2000 ஆண்டுகளில் 6 கிலோமீட்டர் என்றால், ஆண்டுக்குச் சராசரியாக 3 மீட்டர். ஒரு மனிதனின் ஆயுளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நடக்கிற வேலை. தாத்தா படகு கட்டிய துறையில் பேரன் முழங்கால் தண்ணீரில் நடந்திருப்பான். நிஜத்தில் இது ஒரே சீராக நடந்திருக்காது. பெருவெள்ளம் வந்த ஆண்டில் நிறையவும், வறண்ட ஆண்டுகளில் ஒன்றுமில்லாமலும் நடந்திருக்கும்.

அப்படியானால் கொற்கை கடலில் மூழ்கிவிட்டது என்று சொல்வது?

தவறு. பூம்புகாரைக் கடல் கொண்டது என்ற செய்தி எல்லோர் மனதிலும் பதிந்திருப்பதால், பழைய துறைமுகம் என்றாலே மூழ்கிய நகரம் என்று நினைத்துக்கொள்கிறோம். கொற்கையில் நடந்தது நேர் எதிர். கடல்தான் ஊரை விட்டுப் போயிற்று. ஊர் அங்கேயே இருக்கிறது, மண்ணுக்கு அடியில். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூழ்கிய நகரம் என்று நம்புகிறவர்கள் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காலடியில் இருக்கும் வயலையும் குளக்கரையையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தேட வேண்டிய கொற்கை அங்கேதான் கிடக்கிறது. பழைய கடற்கரை எங்கே ஓடியது, முகத்துவாரம் எங்கே இருந்தது என்பதை அறியக் கரைக்கு அப்பாலும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்கான திட்டத்தையும் தமிழக அரசு 2021 இல் அறிவித்தது.

அந்தக் காலத்துக் கொற்கை திறந்த கடலோரத்தில் இருந்ததா, ஆற்று முகத்தில் இருந்ததா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. சங்கப் பாடல்களைப் புகழுரை என்று ஒதுக்காமல், நிலத்தைப் பார்த்து எழுதியவர்களின் சாட்சியாகப் படித்தால் இதற்கு நல்ல விடை கிடைக்கும்.

நற்றிணையின் 23-ஆம் பாட்டு, முத்து விளையும் கடற்பரப்பை உடைய கொற்கையின் முன்துறையில், சின்னப் பச்சை இலைகளோடு நெய்தல் பூத்திருப்பதைச் சொல்கிறது. ஐங்குறுநூற்றின் 188-ஆம் பாட்டில், கரிய கழியில் சிவந்த இறாலைப் பறவைக் கூட்டம் மேய்கிறது. அலை மோதும் மணற்கரையில் நெய்தல் பூக்காது, தண்ணீர் ஆடாமல் நிற்க வேண்டும். இறாலும் நீர்ப்பறவையும் கூடும் இடம் கழிமுகம். ஆகவே கொற்கைத் துறை, ஆறும் கடலும் கலக்கும் அமைதியான கழியின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். கலங்கள் திறந்த கடலிலிருந்து உள்ளே நுழைந்து, அலைக்குப் பயப்படாமல் நிற்கலாம். பழங்காலத் துறைமுகத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதே சமயம் வண்டல் முதலில் நிரப்புவதும் அப்படிப்பட்ட கழியைத்தான். கொற்கையை வளர்த்த இயற்கையமைப்பே பின்னாளில் அதை முடித்தும் வைத்தது.

ஊர் எவ்வளவு பழையது? ஆதாரம் என்ன?

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69 இல் இங்கே அகழாய்வு செய்தது. துறை தொடங்கப்பட்டதே 1961 இல்தான். ஆகவே அதன் ஆரம்பகால அகழாய்வுகளில் கொற்கையும் ஒன்று. அப்போது கிடைத்த கரிமப் பொருளைச் சோதித்ததில் கி.மு. 785-ஐ ஒட்டிய காலம் என்று வந்தது. இந்த மாதிரி கணிப்பில் முன்பின் 95 ஆண்டு தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளிப் பார்த்தாலும் இன்றைக்குச் சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பது தெளிவு. தமிழ்நாட்டில் அறிவியல் முறையில் இவ்வளவு பழைய காலம் கிடைத்தபோது அது பெரிய செய்தி. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகள், செங்கல் கட்டுமானம், முதுமக்கள் தாழிகள், அறுத்த சங்குத் துண்டுகள் என்று பலவும் கிடைத்தன.

அதன் பிறகு அரை நூற்றாண்டு சும்மா கிடந்தது. 2021 இல்தான் மறுபடியும் குழி போட்டார்கள். ஆதிச்சநல்லூர்ப் பகுதியிலும் சிவகளையிலும் நடந்த பணியோடு சேர்த்துக் கொற்கையிலும் நடந்தது. செங்கல் கட்டுமானமும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துளையுள்ள சுடுமண் குழாய்களும், சங்கு வளையல் துண்டுகளும் வெளிவந்தன. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அதே ஆண்டு அறிவித்தார்கள். சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை மூன்றையும் தனித்தனி ஊர்களாகப் பார்ப்பதைவிட, ஒரே ஆற்றுப் படுகையின் மக்கள் என்று சேர்த்துப் பார்ப்பதுதான் சரி. மேலே நெல்லும் இரும்பும், கீழே கடலும் முத்தும். நடுவே ஆறுதான் சாலை.

இவ்வளவு முக்கியமான ஊரில், வீடுகளும் வயல்களும் போக மிச்சம் கிடைத்த இடங்களில்தான் இதுவரை தோண்ட முடிந்திருக்கிறது. கொற்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட மண்ணுக்குள் இருப்பது மிக அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கால்டுவெல் இங்கே தோண்டினார் என்கிறார்களே?

ஆமாம். இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் ராபர்ட் கால்டுவெல், மொழி ஆராய்ச்சிக்காகப் பெரிதும் அறியப்பட்டவர். 1870-களில் அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆட்களை வைத்துத் தோண்டிப் பார்த்தார். முறையான அகழாய்வு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நிலத்தைப் படித்த விதத்தில் அவர் கெட்டிக்காரர். மேல்மண்ணுக்குக் கீழே களிமண்ணும், அதில் கடற்சிப்பிகளும் வருவதைக் கண்டு, கடல் இங்கே வரை இருந்தது, ஆற்று வண்டலால் பின்வாங்கியது என்று எழுதினார். கிரேக்கர்கள் சொன்ன கொல்கை இந்தக் கொற்கை, மார்க்கோ போலோ சொன்ன காயில் இந்தப் பழையகாயல் என்று இடங்களைப் பொருத்திக் காட்டியதும் அவர்தான். சேர, சோழ, பாண்டியர் மூவரும் உடன்பிறந்தவர்கள், கொற்கையில் ஒன்றாக வளர்ந்து பிறகு பிரிந்தார்கள் என்ற வழக்குக் கதையையும் பதிவு செய்தார். கதை வரலாறு ஆகாது. ஆனாலும் மூவேந்தர் கதையைச் சொல்பவர்கள் தொடக்கத்தைக் கொற்கையில் வைத்தார்கள் என்பதே ஊரின் பெருமையைக் காட்டுகிறது.

வெளிநாட்டார் கொற்கையைப் பற்றி என்ன எழுதினார்கள்?

கி.பி. முதல் நூற்றாண்டில், செங்கடலிலிருந்து இந்தியா வரைக்குமான வணிகத்துக்கு ஒரு கிரேக்க மாலுமி கையேடு எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குமரியைத் தாண்டியதும் கொல்கை, அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, அது பாண்டிய மன்னனின் ஆட்சியில் இருக்கிறது, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுக்கிறார்கள் என்று அதில் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, கொல்கையை ஒரு வணிகத் துறை என்று குறித்தார். மன்னார் வளைகுடாவையே கொல்கை வளைகுடா என்றுதான் அவர் எழுதினார். ஒரு ஊரின் பெயர் ஒரு கடலுக்கே வழங்கியது என்றால் அதன் வீச்சை யோசித்துப் பாருங்கள். வடக்கே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் முத்து வகைகளை வரிசைப்படுத்தும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய நாட்டு முத்தையும் முதலில் வைக்கிறது.

முத்துக் குளித்தவர்கள் கைதிகளா, பரதவர்களா?

முத்துக் குளித்தவர்கள் கைதிகள் என்கிறார் அந்தக் கிரேக்க மாலுமி. சங்கப் பாட்டு வேறு காட்சி தருகிறது. அகநானூற்றின் 350-ஆம் பாட்டில், தாக்க வரும் சுறாவை விலக்கி, மூழ்கி, வலம்புரிச் சங்கெடுத்த பரதவர்கள் திமில் என்ற பெரிய படகில் திரும்புகிறார்கள். சங்கு முழங்குகிறது, ஆரவாரத்தோடு கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. கைதியை இப்படி யாரும் வரவேற்பதில்லை. இது கடல் தொழில் தெரிந்த ஒரு சமூகத்தின் வெற்றி விழா.

இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு. அரசனின் பங்குக்கு ஒரு பகுதி வேலையைக் கைதிகளைக் கொண்டு செய்திருக்கலாம். ஆனால் கடலடியில் எந்தப் பாறைப் படுகையில் எப்போது சிப்பி முதிரும், நீரோட்டம் எப்படி, சுறா எப்போது வரும் என்ற அறிவெல்லாம் பரதவர்களிடம்தான் இருந்திருக்கும். கரையில் பண்டம் மாற்ற வந்த வெளிநாட்டுக்காரர் எவ்வளவு நேரில் பார்த்தார், எவ்வளவு கேட்டு எழுதினார் என்ற கேள்வியும் உண்டு. என் மனம் பாட்டின் பக்கமே சாய்கிறது. பல நூற்றாண்டு கழித்து, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் குளிப்பவர்களுக்குச் சுறாதான் பெரிய பயம் என்கிறார். சுறாவை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு.

முத்து எப்படி எடுத்தார்கள்? இப்போதும் கிடைக்கிறதா?

முத்துச்சிப்பி மணலில் வளர்வதில்லை. கடலடியில் பாறைப் படுகை வேண்டும். அதற்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் இப்படிப் பல பார்கள் உண்டு. முத்தெடுக்கும் பருவத்துக்குச் சலாபம் என்பார்கள். சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் சலாபம் அறிவிப்பார்கள். ஒருமுறை நன்றாக விளைந்த பார் அடுத்த பல ஆண்டுகளுக்கு வெறுமையாகக் கிடப்பதும் உண்டு.

தோணி பாருக்கு மேலே நிற்கும். குளியாள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சைப் பிடித்து இறங்குவார். கல் அவரை நேராக அடிக்குக் கொண்டுபோகும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் கூடையில் அள்ளி, கயிற்றை ஆட்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார். நாள் முழுக்க இப்படி ஏறி இறங்க வேண்டும். அப்புறம் கரையில் நடப்பது பார்க்கவும் முகரவும் கஷ்டமான வேலை. சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், நாற்றம் பல மைல் போகும். சதை அழுகிப் போனதும் கழுவி, அலசி, வண்டலில் கையால் துழாவி முத்தைப் பொறுக்குவார்கள். எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது, இருப்பதிலும் பெரும்பாலானவை கடுகளவு. அரசியின் கழுத்தில் ஒரு சரம் தொங்க எத்தனை மூச்சு செலவாயிற்று என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961 இல் நடந்தது. அதன் பிறகு பார்கள் விளையவில்லை. 1973 இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டியது. பாரம்பரிய முத்துக்குளிப்பு திரும்ப வரவில்லை. சங்குக் குளிப்பு மட்டும் தூத்துக்குடியில் தொடர்கிறது.

சங்குக்கும் கொற்கைக்கும் என்ன தொடர்பு?

முத்தின் பளபளப்பில் சங்கை மறந்துவிடுகிறோம். கொற்கையின் அன்றாடப் பிழைப்பில் சங்குக்கு முத்தைவிடப் பெரிய இடம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முத்து கிடைக்கும் ஆண்டில்தான் கிடைக்கும். சங்கு எல்லா ஆண்டும் கிடைக்கும். மதுரைக்காஞ்சியில் கொற்கை வரும் இடத்தில் விளைந்து முதிர்ந்த முத்தோடு, சங்கு வளை விளங்கும் பெரிய சேரியும் சேர்ந்தே வருகிறது.

அறுத்த சங்குத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் தொழில் முழுவதும் அதில் தெரியும். சங்கின் கூர்முனையையும் வாய்ப்பக்கத்தையும் முதலில் நீக்கிவிடுவார்கள். நடுவே அகலமாக இருக்கும் உடலில்தான் வளையல் இருக்கிறது. அதை வாளால் குறுக்கே அறுத்து வளையம் வளையமாக எடுப்பார்கள். பிறகு உள்ளே இருக்கும் முறுக்குத் தண்டைத் தட்டி எடுத்து, ஓரத்தைத் தேய்த்து, மெருகேற்றுவார்கள். எஞ்சியவை கழிவு. வாள் ஓடிய இடத்தில் வழுவழுப்பான தட்டை முகமும், அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல் வரிகளும் இருக்கும். இயற்கையாக உடைந்த சங்கில் இந்த முகம் வராது. கடல்வளம் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொற்கையில் பார்த்துச் சொன்னதும் இந்த வாள்தடம் உள்ள துண்டுகளைத்தான். அகழாய்வுகளிலும் இவை வந்தன. பட்டறை இங்கேயே இருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை. வளையலை வேறு ஊருக்கு விற்கலாம், கழிவை யாரும் சுமந்து கொண்டுபோக மாட்டார்கள்.

கொற்கை பாண்டியர்களின் தலைநகரமா?

தலைநகரம் மதுரை. கொற்கை துறைமுகமும், அரசகுடும்பத்தினர் இருந்து ஆண்ட இரண்டாவது நகரமும். பாண்டியனைக் கொற்கைக் கோமான் என்று பாடல்கள் அழைப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது.

பாண்டியனைக் கொற்கைக் கோமான் என்று குறிக்கும் சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. உப்பு வணிகர்களின் வண்டித் தொடரோடு வந்த ஒரு மந்தி, சிப்பியின் வயிற்றுக்குள் முத்தைப் போட்டு மூடி, அந்த வணிகர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. அகநானூற்றின் 130-ஆம் பாட்டிலோ, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் முத்துகள் குதிரையின் கால் குளம்பை உறுத்துகின்றன. மிகைதான். ஆனால் உப்பும் முத்தும் ஒரே சாலையில் உள்நாட்டுக்குப் போயின என்ற செய்தி அதில் பத்திரமாக இருக்கிறது. தூத்துக்குடி இன்றைக்கும் உப்பளங்களின் ஊர்.

கண்ணகி கதைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

மதுரையில் நெடுஞ்செழியன் இறந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அரசனாகி, கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இளவரசன் கொற்கையில் இருந்து ஆள்வது வழக்கம் என்ற கருத்துக்கு இதுவே முக்கிய ஆதாரம். அரசியின் சிலம்புக்குள் இருந்ததும் முத்துதான் என்பது நினைவிருக்கும். ஊரில் இருக்கும் வெற்றிவேல் அம்மன் கோயிலைக் கண்ணகியோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். பக்கத்து ஊரான அக்கசாலை, பாண்டியர் நாணயம் அடித்த இடம் என்று கருதப்படுகிறது. அக்கசாலை என்றால் பொன் வேலை செய்யும், நாணயம் அடிக்கும் கூடம். ஆயிரம் பேர் பலி என்ற எண் எவ்வளவு நிஜமோ தெரியாது, ஆனால் பொற்கொல்லர்கள் நிறைந்த பகுதி இது என்ற நினைவு ஊர்ப்பெயரில் தங்கியிருக்கிறது.

கொற்கைதான் கபாடபுரமா?

கபாடபுரம் என்பது இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லப்படும் பாண்டியரின் பழைய தலைநகர். கொற்கைதான் அது என்று சொல்வதற்குத் தொல்லியல் சான்று எதுவும் இல்லை. கொற்கைக்கு உள்ள சான்றுகளே ஏராளம். கடன் வாங்கிய பெருமை தேவையில்லை.

துறைமுகம் கொற்கையை விட்டு எங்கே போனது?

கடல் போன வழியிலேயே போனது. கழி தூர்ந்து கலங்கள் நுழைய முடியாமல் போனதும், வணிகம் கிழக்கே நகர்ந்து காயலில் குடியேறியது. இன்றைய பழையகாயல் அது. மார்க்கோ போலோ வந்தபோது பாண்டிய நாட்டின் பெரிய துறை காயல். பாரசீக வளைகுடாவின் ஓர்முசிலிருந்தும், ஏடனிலிருந்தும், அரபு நாடெங்கிலுமிருந்தும் வரும் கப்பல்கள் அங்கே நிற்கும், குதிரை இறங்கும் என்கிறார். பிறகு காயலுக்கும் அதே கதி. வண்டல் அதையும் கடலிலிருந்து பிரித்தது. அதன் பின் புன்னக்காயல் எழுந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே இருந்தார்கள். 1542 இல் பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்கரைக்கு வந்தார். தெற்கே காயல்பட்டினம் முஸ்லிம் வணிகர்களின் ஊராகச் செழித்தது. கடைசியில் ஆற்று முகத்திலிருந்து விலகி இருந்த தூத்துக்குடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அங்கே வண்டல் தொல்லை இல்லை, தீவுகள் அலையைத் தடுக்கின்றன.

கொற்கையிலிருந்து பழையகாயல், அங்கிருந்து புன்னக்காயல் என்று ஒரே நாளில் பயணம் செய்யுங்கள். ஒரே துறைமுகம் மூன்று பெயரில் கடலைத் துரத்திக்கொண்டு ஓடியது காலால் நடந்தே புரியும்.

2023 வெள்ளத்தில் என்ன ஆனது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, ஏரலும் சுற்றுவட்டாரமும் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. உயிரும் பயிரும் வீடும் போன துயரம் அது. ஆறு இன்னும் தன் பழைய படுகையை மறக்கவில்லை என்பதையும் அது காட்டியது. வெள்ளம் போய் நின்ற பள்ளங்களில் பல, ஒரு காலத்தில் கழியாகவும் ஓடையாகவும் இருந்த இடங்களே. வடிகால்களை அடைத்துக் கட்டுவதற்கு முன்னால் இந்த நிலத்தின் வரலாற்றைப் படித்திருக்க வேண்டும்.

இன்றைக்குப் போனால் என்ன பார்க்கலாம்? எப்படிப் போவது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் வந்து முக்காணிப் பக்கம் உள்ளே திரும்பலாம். அல்லது ஏரலுக்கு வந்து அங்கிருந்து போகலாம். ரயிலில் வருபவர்கள் திருநெல்வேலி, திருச்செந்தூர் தடத்தில் குரும்பூரில் இறங்கி ஏரல் வழியாக வரலாம். உள்ளூர்ப் பேருந்து குறைவு, நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிரம்மாண்டமாக எதுவும் இருக்காது. குளம், குளத்தங்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில், ஊரார் மிகப் பழமையானது என்று போற்றும் வன்னி மரம், அக்கசாலையில் கல்வெட்டுகள் உள்ள பழைய கோயில். அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதைத் தேடி ஏமாற வேண்டாம். உழுது போட்ட நிலத்தில் வரப்போரமாக நடந்தால், நெல் விளையும் மண்ணில் கடற்சிப்பி கிடப்பதைப் பார்க்கலாம். எனக்கு எந்தக் கோபுரத்தையும்விட அது பெரிய காட்சி. அப்படியே ஆற்றைக் கடந்து ஆத்தூர்ப் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கொடி பிடித்திருக்கும் மண்ணும் ஆறு கொண்டுவந்து போட்டதுதான்.

நிலத்தில் பழைய ஓடோ காசோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். ஓட்டுச் சில்லு கிடக்கும் இடமும் ஆழமும்தான் ஆய்வாளருக்குச் செய்தி. இடம் மாறினால் அது வெறும் சில்லு. படம் எடுத்து, எந்த வயல், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, அப்படியே விட்டுவிடுங்கள். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசு, நகை, சிலை, தாழி வந்தால் வேலையை நிறுத்திவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் ஊரில் பலருக்கு இருக்கிறது. பொருளை ஒப்படைப்பதால் மட்டும் நிலத்தின் மீதான உரிமை போய்விடாது. பக்கத்து நிலத்துக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.